பத்தாம் நம்பர் ஷூ

கேமராவுக்கு முன்னால் கையில் கொடுப்பது எதுவும் நம்முடையது இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏழு வருஷம் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக, கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரிக் கொட்டியதில் தெரிந்துகொண்டது.

வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் வரும். முதல் நாள் காலையில் எங்கள் கான்ட்ராக்டரின் வேனில் புது ஷூ பெட்டிகள் வந்து இறங்கும். எல்லாம் ஒன்பதாம் நம்பர். கால் சின்னதாக இருப்பவன் முனையில் துணி அடைத்துக்கொள்வான். என்னைப் போல பெரிய கால்காரன் குதிகால் பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு நிற்பான். சூப்பர்வைசர் வரிசையாக வந்து ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் பை கொடுப்பார்.

"பைய மாட்டிக்கினு ஷூவப் போடுங்கடா. உள்ள கரி பட்டுச்சின்னா கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டான்."

போட்டோ எடுத்து முடித்ததும் பெட்டிகள் வேனில் ஏறிவிடும். அவர்களே திருப்பிக் கேட்கட்டும் என்று காத்திருப்பவனுக்குத்தான் அவமானம். முதல் வருஷம் நான் காத்திருந்தேன். "என்னா செங்குட்டுவன், அப்படியே வூட்டுக்குப் போட்டுகினு போயிடலாம்னு பாத்தியா?" என்று சூப்பர்வைசர் நாற்பது பேர் முன்னால் கேட்டார். அதற்கப்புறம் போட்டோக்காரன் கேமராவை இறக்குவதற்குள் என் ஷூ பெட்டிக்குள் இருக்கும்.

ஹரி கொடுத்த ஷூவையும் அப்படித்தான் மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

ஹரியை எனக்கு அந்தத் தொடருக்கு முன்னால் தெரியாது. 'அடுத்த ஷாட்' என்று பேர். செல்போனிலும் டிவியிலும் வாரம் ஒன்றாக வருகிற தொடர். சீரியலில் அண்ணன் தம்பியாக நடிக்கிற இரண்டு நடிகர்கள், படப்பிடிப்பு நடக்க நடக்க ஒருவரை ஒருவர் விரும்பிவிடுகிறார்கள். அதுதான் கதை. அண்ணனாக நடிக்கிறவனாக ஹரி. தம்பியாக நடிக்கிறவனாக நான்.

ஹரி ஏற்கெனவே நாலைந்து சீரியலில் முகம் காட்டியவன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பா இசக்கிமுத்து மைன்ஸில் பெர்மனென்ட். இருபத்தொன்றாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். டவுன்ஷிப் பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய் நடிகனானவன். அதே டவுன்ஷிப்பின் வேலிக்கு இந்தப் பக்கம் வடக்குத்து கிராமத்தில் நான் பிறந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. இருபத்தேழு வருஷம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

நான் நடிகனானது தனிக் கூத்து. பாதுகாப்பு வாரத்தில் ஒரு நாடகமும் போடுவார்கள். ஓடுகிற பெல்ட்டில் கை விட்டு ஒருத்தன் செத்துப்போவான். அவன் பெண்டாட்டி வந்து அழுவாள். ஏழு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தது நான்தான். அந்த வீடியோவை யாரோ போட, யாரோ பார்க்க, தொடரின் டைரக்டர் எங்கள் தெருவுக்கே ஆள் அனுப்பினார். "நடிச்ச மாதிரியே இல்ல" என்றார். செத்தவன் எப்படி நடிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

வடக்குத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து நாற்பது நாள் எடுத்தார்கள். சூப்பர்வைசர் என் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, "நாப்பது நாள்தான். நாப்பத்தொண்ணாவது நாளு வரலன்னா ஒன் எடத்துல வேற ஆளு" என்றார்.

முதல் வாரமே அசோக்குமார் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினான். அவன்தான் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். எப்போதும் கையில் இரண்டு போன்.

"ப்ரோ, பேட்டியில கண்டிப்பா கேப்பாங்க, நெஜத்துலயும் உங்களுக்குள்ள ஏதாவது இருக்கான்னு. ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிங்க, போதும். சந்தேகம் இருக்கற வரைக்கும்தான் பாப்பாங்க."

ஹரி என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. அது அசோக்குமார் கேட்ட சிரிப்பா என்று அன்றைக்கு ஆரம்பித்தது என் சந்தேகம்.

எனக்கு என்ன ஆயிற்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினைந்தாம் நாள் தெரிந்துவிட்டது. மொட்டைமாடிக் காட்சியில் அவன் என் தோளில் தலை சாய்க்க வேண்டும். ஆறு டேக் போனது. ஏழாவது டேக் வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவ்வளவுதான். இதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை.

அவனுக்கு என்ன என்பதுதான் தெரியவில்லை. டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் அவன் கை என் கையை விடாது. நான் மனசுக்குள் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒருநாள் ஒன்பது வரை போனது. சந்தோஷப்பட்டுக்கொண்டே தலையைத் திருப்பினால், மூலையில் சிவக்குமார் கேமராவோடு நிற்கிறான். அவன் வேலையே அதுதான். 'கட்' சொன்ன பிறகு நடப்பதை எடுப்பது. அதைத் தனியாக வெட்டி, 'கேமராவுக்குப் பின்னால்' என்று போட்டால் தொடரைவிட அதிகம் பேர் பார்க்கிறார்கள்.

அப்படியானால் கேமராவுக்குப் பின்னால் என்று எந்த இடம் இருக்கிறது? ஹரி என் டிபன் பாக்ஸில் கை போட்டு எடுத்துத் தின்றான், அதுவும் வந்தது. என் கால் கட்டைவிரல் நகம் ஏன் கறுத்திருக்கிறது என்று குனிந்து பார்த்தான், அதுவும் வந்தது.

ஒரு ஞாயிறு அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து மூன்றாவது பகுதியைப் பார்த்தார்கள். அம்மா வள்ளியம்மாள் கம்மாபுரம் பக்கம் நடவுக்கும் களைக்கும் போகிறவள். எல்லோரும் எழுந்து போன பிறகு கேட்டாள்.

"அந்தப் புள்ள நெசமாவே அழுவுதா, இல்ல கண்ணுல எதுனா வுட்டுக்கினாங்களா?"

"கிளிசரின்மா. ஒரு சொட்டு வுடுவாங்க."

"ஒனக்கும் வந்துச்சே. அதுவும் அதுதானா?"

நான் தட்டைக் கழுவப் போனேன். எனக்கு யாரும் ஒரு சொட்டும் விடவில்லை. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம் அவள் கை வேலை நின்றுவிடும்.

நான் கணக்காக யோசித்தேன். ஹரிக்கும் உண்மை என்றால், தெருவும் ஷிப்டும் அம்மாவும் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயார். ஹரிக்கு அது வேலை என்றால், அவன் நாற்பது நாள் முடிந்து சென்னைக்குப் போய் அடுத்த தொடரில் அடுத்தவன் தோளில் சாய்வான். நான் காலை ஐந்தரை பஸ்ஸில் அதே நாற்பது பேரோடு ஏற வேண்டும். நம்பி ஏமாந்தவன் என்ற பேரோடு. அதனால் உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் படப்பிடிப்பு சனிக்கிழமை. அன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் என்று அசோக்குமார் கண்டுபிடித்திருந்தான். ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொண்ட தேதி. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்திருக்கிறோம்.

கேக் வந்தது. அசோக்குமார் போனில் நேரலை ஓட்டினான். நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று விரலால் காட்டினான். ஹரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் முட்டி போட்டான். பழுப்புத் தோல் ஷூ, உள்ளே வெள்ளைத் துணி. நான் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போய்க் குழாயடியில் காலை இரண்டு தடவை கழுவி, துண்டால் துடைத்து, காஸ்ட்யூம் சாக்ஸை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

"எதுக்குடா இவ்வளவு?" என்றான் ஹரி.

"உள்ள அழுக்குப் பட்டுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் என் காலில் ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினான். எழுந்து நாலடி நடந்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை. குதிகால் மடங்கவில்லை. என் காலையே அச்சாக வைத்து அதைச் செய்தது போல இருந்தது. அசோக்குமார் 'கட்டிப் பிடி' என்று கையால் ஜாடை காட்டினான். ஹரி கட்டிப் பிடித்தான். ஜாடையை அவன் பார்த்தானா, அதற்கு முன்னாலேயே கை வந்துவிட்டதா? நான் அவன் தோளுக்கு மேலே அசோக்குமாரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைத் தவறவிட்டேன்.

நேரலை முடிந்ததும் ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். ஹரி பின்னாலேயே வந்தான்.

"நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வா. அப்பாகிட்ட சொல்லப் போறேன்."

"என்னான்னு?"

"நமக்குள்ள இருக்கறத."

"என்னா இருக்குது?"

அவன் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். அதே நேரத்தில் என் கண் சுற்றிலும் தேடியது. பின்வாசல் படியில் சிவக்குமார் மடியில் கேமராவை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கேமராவின் கண் எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஓடுகிறதா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

"சட்டையில மைக்கு கழட்டிட்டியா?" என்று கேட்டேன்.

ஹரி நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். "வருவியா?"

"வரேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷூ பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனேன். ராஜாம்பாள் அக்கா காஸ்ட்யூம்களை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் டைலர்தான். நாற்பது நாளும் துணிமணி, செருப்பு எல்லாம் அவள் பொறுப்பு.

"இந்தா அக்கா. நேத்து குடுத்த ஷூ."

அவள் நோட்டைப் புரட்டினாள். "இது நம்ம லிஸ்ட்ல இல்லியேப்பா."

"கடைசி நாளு வாங்கினது. எழுத மறந்திருப்பாங்க."

பெட்டியைத் திறந்து அடியைப் பார்த்தாள். "ஒங்காலு ஒம்போதுன்னுதான சொன்ன? நான் வாங்கினதெல்லாம் ஒம்போதுதான். இது பத்து."

முதல் நாள் அளவு கேட்டபோது வழக்கப்படி ஒன்பது என்று சொல்லியிருந்தேன். யார் கேட்டாலும் எனக்கு வாயில் வருவது ஒன்பதுதான்.

"அவசரத்துல கடையில இருந்தத வாங்கியிருப்பாங்க. வாங்கி வெச்சிக்கக்கா. அப்புறம் வந்து கேட்டாங்கன்னா நல்லா இருக்காது."

"பொறந்தநாளுக்குக் குடுத்தத எவன்டா திரும்பக் கேப்பான்?"

"கேப்பாங்கக்கா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி, யாரு வாங்கினாங்களோ அவங்ககிட்டயே அனுப்பி வெக்கிறேன்" என்று பெட்டியை ஓரமாக வைத்தாள்.

அந்த ஒரு பேச்சை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. பெட்டி கையை விட்டுப் போனதும் நிம்மதியாக இருந்தது. இனி யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது.

மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டை, பழைய செருப்பு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லாமல் கடைவீதியில் ஒரு பலாப்பழம் வாங்கி பைக்கின் பின்னால் கட்டினேன். சின்னப் பழம்தான், ஆனாலும் கயிறு இரண்டு தடவை அவிழ்ந்தது. இருபத்தொன்றாம் பிளாக்கில் மரங்களுக்குக் கீழே ரோடு காலியாக இருந்தது. ஹரி சொன்ன தெருவில் திரும்பினேன்.

நாலாவதாக இருந்த ஹரி வீட்டு வாசலில் கம்பெனி வேன் நின்றது.

நாற்பது நாளாக லைட்டும் கேமராவும் ஏற்றி இறக்கிய அதே வேன். பின்கதவு திறந்திருந்தது. வேப்பமரத்து ஓரமாக பைக்கை நிறுத்தினேன். படப்பிடிப்பு நேற்றோடு முடிந்தது. அப்புறம் வேனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். மகன் அப்பாவிடம் சொல்வதும், அப்பா முகம் மாறுவதும், வாசலில் பலாப்பழத்தோடு நான் வந்து நிற்பதும். அசோக்குமார் எங்காவது ஜன்னல் ஓரத்தில் நின்று விரலால் எத்தனை ஆயிரம் பேர் என்று காட்டுவான்.

வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் அம்மா பழத்தைப் பார்த்தாள். "போன எடத்துல வாங்கிக்கலியா?"

"வூடு பூட்டியிருந்துச்சி."

"யாரு வூடு?"

பதில் சொல்லாமல் அரிவாள்மணையை எடுத்துப் பழத்தை வெட்ட உட்கார்ந்தேன். கையெல்லாம் பால்.

சாயங்காலம் போனில் ஹரியிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. 'சரி.' அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஆராயவில்லை. படம் எடுக்கப் பார்த்த இடத்தில் ஆள் மாட்டவில்லை, சரி, போகட்டும் என்று அர்த்தம். வேறென்ன?

திங்கட்கிழமை கேட் பாஸை வாங்கிக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனேன். பஸ்ஸில் சக்கரபாணி எழுந்து நின்று எனக்குச் சீட்டு கொடுத்தான். என்னோடு ஒரே பெல்ட்டில் வேலை செய்கிறவன்.

"உக்காருங்க மாப்ள. புதுப் பொண்ணு நிக்கக் கூடாது."

பஸ்ஸே சிரித்தது. "கல்யாணம் எங்க? பத்திரிகை வெக்காம வுட்டுடாத. ஆமா, சீர் யாரு குடுக்கணும், நீயா அவனா?"

"நடிப்புடா" என்றேன். "காசு குடுத்தா நீயும் நடிப்ப."

"நானு நடிச்சா ஏங்கண்ணுல அப்பிடித் தண்ணி வராதே" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அசோக்குமார் போன் பண்ணினான். "ப்ரோ, ஹரிகூட ஏதாச்சும் சண்டையா? சும்மா கேக்கறேன். சண்டைன்னா சொல்லுங்க, அதையும் நல்லா பண்ணலாம். நீங்க ஒரு வீடியோ, அவன் ஒரு வீடியோ. அவன்கிட்ட கேட்டேன், போனக் கட் பண்ணிட்டான்."

"ஞாயித்துக்கிழமை எடுத்தீங்களே, அதப் போட வேண்டியதுதான?"

"ஞாயித்துக்கிழமை என்ன எடுத்தோம்? நான் சனிக்கிழமை சாயங்காலமே சென்னை வந்துட்டேனே."

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆனால் பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்கு முழுதும் மண்வெட்டி கையில் நிற்கவில்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தது. கேட்டில் வரிசையில் நின்று, கையைத் தூக்கி, செக்யூரிட்டி அக்குளும் இடுப்பும் தடவிப் பார்த்து அனுப்பிய பிறகு வெளியே வந்தேன். செம்புக் கம்பித் துண்டு எடுத்துப் போகிறோமா என்று பார்ப்பார்கள். தினமும் நடப்பது. பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், வெயிலில், தோளில் பையோடு ஹரி நின்றான்.

நான் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தேன். டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, மரத்தடி. சிவக்குமாரைக் காணோம். வேனையும் காணோம்.

"யாரு கூட வந்த?"

"தனியா."

"போன் எங்க?"

"பையில."

"எடு."

எடுத்துக் கொடுத்தான். வாங்கித் திறந்து பார்த்தேன். எதுவும் ஓடவில்லை. அணைத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"கையத் தூக்கு."

"என்னது?"

"தூக்குடா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் செக்யூரிட்டி என்னைத் தடவியது போலவே தடவினேன். காலர், பொத்தான் வரிசை, அக்குள், இடுப்பு. கேமரா எதுவும் இல்லாத இடத்தில் நான் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கரிக் கை. அவன் வெள்ளைச் சட்டையில் போன இடமெல்லாம் கறுப்புத் தடம். நெஞ்சில் மைக் இல்லை. உள்ளே இதயம்தான் பெல்ட் ரோலர் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?" என்றான். கையை இறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஒங்க வூட்டு வாசல்ல வேன் நின்னுச்சே. எதுக்கு?"

"நீ வந்தியா?"

"வந்தேன். எதுக்கு வேன்?"

அவன் கை தானாக இறங்கியது. பையைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தான்.

"இதக் கொடுக்க வந்துச்சு. ராஜாம்பாள் அக்கா டிரைவர்கிட்ட கொடுத்து அனுப்பியிருந்தாங்க. செங்குட்டுவன் வேண்டாம்னுட்டு திருப்பிக் கொடுத்துட்டான்னு."

நான் பெட்டியைப் பார்த்தேன். அவன் மேலே சொல்லிக்கொண்டு போனான்.

"நான் காலைலயே அப்பாகிட்ட சொல்லிட்டேன். எட்டரை மணிக்கு. பேப்பர் படிச்சிட்டு இருந்தாங்க. கீழ வச்சிட்டு ஒண்ணும் பேசல. அம்மா ரொம்ப நேரம் அழுதாங்க, அப்புறம் எந்திரிச்சு சோறு வடிச்சாங்க. நாலு எலை போட்டாங்க, செங்கு. நாலு. உன்னக் காணோம். வேன் வந்துச்சு. அப்பா பெட்டியத் தெறந்து பாத்தாங்க. 'ஆளு வரல, ஷூதாம்ல வந்துருக்கு. படம் முடிஞ்சிட்டுன்னா அவன் பொழப்பப் பாக்கப் போயிருவான்லா, நீ எதுக்குல எங்கள இந்தப் பாடு படுத்துத'ன்னாங்க."

"நாலாவது எலை?"

"மூணு மணி வரைக்கும் கெடந்துச்சு. அப்புறம் அம்மா மடிச்சு எடுத்துட்டாங்க."

பாதுகாப்பு வாரத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். பெட்டிகள், பிளாஸ்டிக் பை, கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் முழுதும் கேட்டான். அவன் அப்பாவும் அதே மைன்ஸ்தான், ஆனால் பெர்மனென்ட் ஆளுக்கு வருஷம் ஒரு ஜோடி வீட்டுக்கு வரும். அதைத் திரும்ப வாங்குவார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா நெசம் சொல்லுவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பெட்டியை நீட்டிக்கொண்டே நின்றான். நான் வாங்கவில்லை. எனக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"எங்காலு பத்துன்னு யாரு சொன்னா? நோட்டுல ஒம்போதுன்னுதான இருக்குது."

ஹரி குனிந்துகொண்டான். முதல்தடவையாக அவன் முகத்தில் வெட்கத்தைப் பார்த்தேன். நடிக்கும்போது வருகிற வெட்கம் வேறு மாதிரி இருக்கும்.

"மொட்டைமாடி சீன் அன்னைக்கு எல்லாரும் சாப்பிடப் போனப்ப நீ அங்கயே தூங்கிட்ட. காஸ்ட்யூம் ஷூ கடிச்சு ரெண்டு குதிகால்லயும் கொப்பளம். சாண் வச்சு அளந்தேன். ஒரு சாண், நாலு வெரக்கடை. கடையில போய் கைய வச்சுக் காட்டுனேன், பத்துன்னு குடுத்தான்."

"சிவக்குமாரு?"

"அவனும் சாப்பிடப் போயிட்டான்."

ஆக, அந்த ஒன்று மட்டும் எந்த வீடியோவிலும் வரவில்லை. நானே பார்க்காதது. பார்த்தவர் யாரும் இல்லாத இடத்தில் அவன் என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமையே அந்த ஷூ எனக்கு இதைச் சொன்னது. நாலடி நடந்தபோது சொன்னது. நான் அசோக்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஜன்னல்களில் தலைகள் நிறைந்துவிட்டன. நாலைந்து போன் வெளியே நீண்டிருந்தது. சக்கரபாணி படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"டேய் செங்கு! இங்கயும் ஷூட்டிங்காடா? கேமராவ எங்க வெச்சிருக்கானுவ?"

அவனும் என்னைப் போலவே டீக்கடைப் பக்கமும் மரத்தடியும் தேடிப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஹரி என்னைப் பார்த்தான். அசோக்குமார் சொல்லிக் கொடுத்தபடி சிரிக்கவில்லை.

"இல்ல" என்றேன்.

"என்னா இல்ல?"

"ஷூட்டிங் இல்லடா. நீங்க போங்க. நான் இவுரு வூட்டுக்குப் போறேன்."

பஸ்ஸுக்குள் யாரோ இருமினார்கள். சக்கரபாணி வாயைத் திறந்தவன் திறந்தபடியே இருந்தான். இந்தச் செய்தி நான் போவதற்குள் வடக்குத்துக்குப் போய்ச் சேரும். அம்மா கை வேலை நின்றுபோகும். நாளைக்குக் காலையில் இதே பஸ், இதே நாற்பது பேர். இசக்கிமுத்து வாசல் கதவைத் திறப்பாரா என்பதும் தெரியாது.

ரோட்டோர மைல் கல்லில் உட்கார்ந்து பெட்டியை வாங்கினேன். பழைய செருப்பை உதறினேன். எட்டு மணி நேரம் பெல்ட்டுக்கு அடியில் நின்ற கால். விரல் இடுக்கு, நகக் கண், குதிகால் வெடிப்பு எங்கும் கரி.

"கழுவிட்டுப் போடு. கடையில தண்ணி வாங்கறேன்" என்றான் ஹரி.

"வேணாம்."

அப்படியே காலை உள்ளே விட்டேன். வெள்ளைத் துணியில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. இனி எந்தக் கடைக்காரனும் இதைத் திரும்ப எடுக்க மாட்டான். இன்னொரு காலையும் விட்டேன்.